வாங்க, திருத்தணி கோர்ட்டுக்குள்ளே போவோம்!

ஆடி மாதத்துத் திருத்தணி ஸ்டேஷன். மின்சார ரயிலிலிருந்து இறங்குகிற கூட்டம் முழுக்க மலையைப் பார்த்து நடக்கிறது. தோளில் பூக்காவடி, தலையில் சந்தனம் பூசிய மொட்டை, வாயில் அரோகரா. நாளுக்கு ஒன்று என்று கணக்கு சொல்லும் 365 படிகளையும் ஏறி, தணிகை முருகனைக் கும்பிட்டுவிட்டு, சென்னைக்கோ ரேணிகுண்டாவுக்கோ வண்டி பிடித்துவிடுவார்கள். எனக்கு இன்று வேறு தரிசனம் வாய்த்திருக்கிறது! குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் ஏ.பி.பி. மேடம், அதாவது உதவி அரசு வழக்கறிஞர், தன் அறைக்குள் வந்து உட்கார்ந்து பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறார். "காலையிலேயே வந்துடுங்க. பத்தரைக்கு மேல நடக்கிறதை யார் வேணும்னாலும் பாக்கலாம். அதுக்கு முன்னால நடக்கிறதுதான் விஷயம்" என்றார். வாங்க, நீங்களும் என் பின்னாலேயே வாங்க.

அறை சின்னது. மேசை இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது, அத்தனை கேஸ் கட்டுகள்! பழுப்பேறிய டாக்கெட் தாளுக்குள் மடித்து, கோணி ஊசியால் குத்தி, நூல் கோத்து முடிச்சுப் போட்ட கட்டுகள். நாற்காலியில் ஒரு அடுக்கு, ஜன்னல் விளிம்பில் ஒரு அடுக்கு, பீரோவுக்கு மேலே டிபன் கேரியருக்கு இடம் விட்டு இன்னொரு அடுக்கு. ஆணியில் கறுப்புக் கோட்டு. அதன் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளைக் கழுத்துப் பட்டை. பக்கத்தில் தணிகை முருகன் காலண்டர். அந்தக் காலண்டரின் கட்டங்களுக்குள் பேனாவால் குட்டி குட்டியாக வழக்கு எண்கள். எந்தத் தேதியில் எந்த வழக்குக்கு வாய்தா என்பது முருகனுக்கும் மேடத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்று குமாஸ்தா சிரிக்கிறார்.

சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். இடது பக்கம் பழைய சட்டப் பிரிவு, வலது பக்கம் புதியது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டுக்கு 379 என்று சொல்லிப் பழகிய வாய் இப்போது 303 என்கிறது. 302 என்றால் கொலை என்று சினிமா பார்த்தே தெரிந்துவைத்திருந்தோமே, அது 103. ஊரே ஏமாற்றுக்காரனுக்குப் பட்டப்பெயராக வைத்திருக்கும் 420, இனி 318! ஆனால் பழையதை மறக்கவும் முடியாது. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவு, பின்னால் நடந்ததற்குப் புதியது. ஒரே காலையில், ஒரே மேசையில், இரண்டும் வரும். "ராத்திரி கனவுல கூட ரெண்டு நம்பரும் சேர்ந்துதான் வருது" என்கிறார் மேடம், ஒரு கட்டைப் பிரித்தபடியே.

ஒவ்வொரு காவல் நிலையத்திலிருந்தும் கோர்ட் வேலைக்கென்று ஒரு கான்ஸ்டபிள் வருவார். அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே தலை நீட்டுகிறார்கள். "மேடம், ரெண்டாவது சாட்சி வந்துட்டார். மூணாவது சாட்சி மாட்டுக்கு ஊசி போடப் போயிருக்கார், பதினொண்ணுக்கு வந்துடுவார்." அடுத்தவர்: "இன்ஸ்பெக்டர் ஐயா ஆடிக் கிருத்திகை பந்தோபஸ்துல இருக்கார், அடுத்த வாய்தாவுக்குக் கேட்டுக்கச் சொன்னார்." மலையில் திருவிழா என்றால் கீழே கோர்ட்டில் காக்கிச் சட்டை சாட்சிகள் குறைந்துவிடுவார்கள்! டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா நடக்குமே, அதை ஒட்டியும் இதே கதைதான் என்கிறார் குமாஸ்தா.

இதோ வந்துவிட்டார், இன்றைய நாயகி. ஆர்.கே.பேட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு ஆயா. கழுத்துச் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடிய வழக்கில் இவர்தான் அரசுத் தரப்பு முதல் சாட்சி. புதுச் சட்டத்தில் சங்கிலிப் பறிப்புக்கென்றே 304 என்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் ஆயாவுக்கு அதெல்லாம் எதற்கு? அவர் கவலை ஒன்றே ஒன்றுதான்.

"அவனும் அங்கியே நிப்பானாம்மா?"

"நிப்பான் ஆயா. ஆனா நீங்க அவனைப் பாத்துப் பேச வேணாம். ஐயாவைப் பாத்துப் பேசுங்க. நான் பக்கத்துலதான் இருப்பேன்."

"இன்னா சொல்லணும்னு சொல்லு, அப்படியே சொல்லிடறேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் சொல்லித் தரக் கூடாது ஆயா. நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க. தெரியாததைக் கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க, அது தப்பே இல்ல." அப்புறம் அவர் போலீஸில் முன்பு சொன்னதை நிதானமாகப் படித்துக் காட்டி நினைவூட்டுகிறார். ஆயா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். ஒரு இடத்தில் "சாயங்காலம் இல்லம்மா, விளக்கு வெக்கிற நேரம்" என்று திருத்துகிறார். மேடத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! டீ வருகிறது. முதல் டம்ளர் ஆயாவுக்கு.

கதவோரம் நின்ற லாரி கிளீனர் பையன் தயங்கித் தயங்கித் தெலுங்கில் ஏதோ கேட்கிறான். மேடம் தலையை நிமிர்த்தாமலேயே தெலுங்கில் பதில் சொல்கிறார். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! இந்த ஊருக்கு இது புதிதில்லை. ஒரு காலத்தில் திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பல காலம் இருந்து, 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. எல்லைக் கோடு நகர்ந்தாலும் வீட்டில் பேசும் மொழி நகருமா? கோர்ட்டில் தமிழில் பதிவாகும் வாக்குமூலங்களில் சில, இந்த அறையில் முதலில் தெலுங்கில்தான் வாய் திறக்கின்றன.

பத்தரை! கோட்டு ஆணியிலிருந்து தோளுக்கு ஏறுகிறது. கீழமைக் கோர்ட்டுகளில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. ஆடிப் புழுக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மின்விசிறி சுழல்கிறது, காற்று மட்டும் வரவில்லை. கட்டுகளைக் கையிலும் இடுப்பிலும் அணைத்துக்கொண்டு மேடம் ஓடுகிறார், பின்னால் குமாஸ்தா, அவர் பின்னால் நாம். டவாலி ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடுகிறார். வராண்டா முழுக்க அந்தக் குரல் போய், வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை இழுத்துக்கொண்டு வருகிறது. அரை மணி நேரத்தில் வாய்தா வேலை மளமளவென்று முடிகிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய்ச் சண்டை, வரப்புத் தகராறு, பைக் மோதல்.

இப்போது ஆயா கூண்டில். பிரமாணம் எடுக்கும்போது குரல் நடுங்குகிறது. மேடம் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, ஆயாவுக்கும் எதிரிக்கும் நடுவே நின்றுகொள்கிறார். கவனித்தீர்களா? சட்டப் புத்தகம் எதிலும் அந்த ஒரு அடி எழுதப்படவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் உள்ளூர் சீனியர், குறுக்கு விசாரணையில் கை தேர்ந்தவர். "விளக்கு வெக்கிற நேரம்னு சொல்றீங்க. இருட்டு. உங்களுக்குக் கண்ணும் அவ்வளவா தெரியாது. சரிதானே?"

"சரிதான் சாமி. தூரத்துல தெரியாது. அவன் கிட்ட வந்து கழுத்துல கைய வெச்சான். அவ்ளோ கிட்ட வந்தா யாருக்குத்தான் தெரியாது?"

சீனியர் அடுத்த கேள்வியைத் தேடினார். தட்டச்சர் விரல்கள் ஒரு நொடி நின்று, பிறகு படபடவென்று ஓடின. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போல இருந்தது!

எல்லாச் சாட்சியும் ஆயாவாக அமைவதில்லை. அடுத்த வழக்கில் ஒரு நடுவயதுக்காரர் கூண்டில் ஏறி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, போலீஸ்ல என்ன எழுதினாங்கன்னும் தெரியாதுங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டார். பிறழ் சாட்சி. மேடம் கோபப்படவில்லை. வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "அடிச்சவரும் அவரும் ஒரே தெரு. நாளைக்கு ஒரே டீக்கடையில நிக்கணும். நான் போயி கூட நிக்க முடியுமா?" சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, நாடு முழுக்கப் பின்பற்றச் சொன்னது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மாநிலங்கள் அப்படி ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. அது ஒவ்வொரு கிராமத்துத் தெருவுக்கும் இறங்கி வர வேண்டும்.

இந்த மண்ணில் சாட்சிச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு அருகிலேயே ஒரு கதை இருக்கிறது. திருவாலங்காட்டுக்குப் பக்கம் பழையனூர். நீலி பெண்ணுருவில் வந்து ஒரு வணிகனைத் தன் கணவன் என்று வாதாட, ஊர்ச் சபை நம்பி அவனை அவளோடு அனுப்பியது. உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். விடிந்தபோது அவன் செத்துக் கிடந்தான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. மேடம் இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். "அழுகிறவங்க எல்லாரும் உண்மை சொல்றாங்கன்னும் எடுத்துக்கக் கூடாது, சொன்ன சொல்லுக்கு நிக்கிறவங்களைக் கைவிடவும் கூடாது. ரெண்டையும் அந்தக் கதையே சொல்லுது" என்றார். போலீஸ் பிடித்தவனுக்கெல்லாம் தண்டனை வாங்கித் தருவது அரசு வக்கீல் வேலை இல்லை. உண்மை கோர்ட்டுக்கு முன்னால் முழுசாக வந்து நிற்க உதவுவதுதான் வேலை. அதனால்தான் உதவி அரசு வழக்கறிஞராகக் காவல்துறை அதிகாரி இருக்கக் கூடாது என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே பொது விதி வகுத்தது.

மதியம். ஆகா, இதைத் தவறவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! கட்டுகள் தரைக்கு இறங்க, மேசை சாப்பாட்டு மேசை ஆகிறது. காலையில் ஆயாவைக் குடைந்த அதே சீனியர், டிபன் பாக்ஸோடு உள்ளே வருகிறார்! அவர் வீட்டுப் புளிச்சக்கீரைத் தொக்கு ஆந்திரக் காரம். மேடம் வீட்டுத் தயிர்ச் சாதம் அதற்கு வைத்தியம். "உங்க சாட்சி என்னைக் கவுத்துட்டாங்க மேடம்." "உங்க தொக்கு எங்க எல்லாரையும் கவுத்துடுச்சு சார்." அறையே சிரிக்கிறது. உள்ளே எதிரெதிர் நிற்பார்கள், வழக்கைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் தொக்கு எல்லாருக்கும் பொது.

சாப்பிட்டதும் வழக்குச் சொத்து அறையை வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். துருப்பிடித்த அரிவாள், ஒற்றைச் செருப்பு, டயர் இறங்கிய சைக்கிள், அரக்கு முத்திரை வைத்த துணி மூட்டைகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு. ஆயாவின் சங்கிலியும் ஒரு கவரில் இருந்திருக்கிறது. சாட்சி சொல்லும்போது அதைக் காட்டி அடையாளம் கேட்டார்களே, அப்போது ஆயா அதை வாங்கி, முதலில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகுதான் "என்னுதுதான்" என்றார்.

சாயங்காலம் சீனியரின் ஆபீஸுக்கும் ஒரு நடை போய் வந்துவிடுவோம். கண்ணாடி பீரோவில் வரிசை வரிசையாகத் தீர்ப்புத் தொகுப்புகள், பெஞ்சில் கட்சிக்காரர்கள். பள்ளிப்பட்டு பக்கத்திலிருந்து வந்த நெசவாளர் ஒருவர் ஃபீஸின் ஒரு பகுதியை மட்டும் மடித்துக் கொண்டுவந்திருக்கிறார். சீனியர் எண்ணாமல் மேசை டிராயரில் போடுகிறார். ஜூனியர் பெண் பத்திர நகலோடு மல்லுக்கட்டிக்கொண்டே, பக்கத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டியையும் விரித்து வைத்திருக்கிறார். ஐந்து வருஷம் கிரிமினல் கோர்ட்டில் பழகியிருந்தால் ஏ.பி.பி. தேர்வு எழுதலாம். மேடமும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தவர்தான். "காலையில ஆயாவுக்கு முன்னால மேடம் நகர்ந்து நின்னாங்களே, பாத்தீங்களா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். அவரும் கவனித்திருக்கிறார்! பரீட்சைக்குப் பிரிவுகளைப் புத்தகத்தில் படிக்கலாம். அந்த ஒரு அடியை இப்படிப் பார்த்துத்தான் கற்க முடியும்.

ஒன்று சொல்லட்டுமா? குற்ற வழக்கு நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவு சொன்னது, புதிய நடைமுறைச் சட்டத்தின் 366ஆம் பிரிவும் சொல்கிறது. பாலியல் வன்முறை போன்ற சில வழக்குகளைத் தவிர, இடமிருக்கும் வரை யாரும் போய் உட்காரலாம். கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். செல்போனை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் அமருங்கள். கூண்டில் ஏறி நடுங்கும் ஒரு ஆயாவுக்கு, ஊர் ஜனம் நாலு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதே பெரிய தெம்பு. அந்தத் தெம்பைக் கொடுப்பதற்குச் சட்டப் படிப்பும் வேண்டாம், கறுப்புக் கோட்டும் வேண்டாம். பத்தரைக்குப் போனால் போதும்!