பூசணிக்காய் உடைங்க... கோழி முன்னாடி!

கோடம்பாக்கத்துல 'பூசணிக்காய் உடைச்சாச்சு'ன்னு சொன்னா, படத்தோட ஷூட்டிங் முடிஞ்சுதுன்னு அர்த்தம். சினிமாவுக்கு திருஷ்டி கழிஞ்சாச்சு. உங்க வீட்டுக் கொல்லையிலயோ மொட்டை மாடியிலயோ கொக்கரிக்கிற நாலு கோழிங்களுக்கும் ஒரு காயை உடைச்சு வைங்களேன். ஆனா எந்தக் காய்ங்கிறதுலதான் மேட்டரே இருக்கு பாஸ்!

வெள்ளையா, மஞ்சளா?

திருஷ்டிக்கு உடைக்கிறது வெள்ளைப் பூசணி. அதுல நூத்துக்கு 95 பங்குக்கு மேல தண்ணிதான். மே மாச வெயிலுக்குக் கோழி தொண்டையை நனைக்கும், அவ்வளவுதான். நிஜ ஹீரோ, சாம்பார்ல போடுற பரங்கிக்காய். அதாங்க மஞ்சள் பூசணி. உங்க ஹாஸ்டல்ல இருக்கிற கோவைப் பையன் 'அரசாணிக்காய்'னு சொல்வானே, அதேதான்!

அந்த மஞ்சளுக்குக் காரணமான பீட்டா கரோட்டின், கோழி உடம்புக்குள்ள போய் வைட்டமின் 'ஏ'வா மாறுது. இந்த வைட்டமின் குறைஞ்சா கோழிக்குக் கண் வீங்கும், கண்லயும் மூக்குலயும் தண்ணி வடியும், முட்டையும் குறையும். பரங்கியில இருக்கிற மத்த மஞ்சள் நிறமிகள் முட்டைக் கருவுல போய்ச் சேரும். ஆம்லெட் பளிச்!

விதை... மருந்தா?

'பரங்கி விதை போட்டா குடல்புழு ஓடிடும்'னு யாராவது அள்ளி விடுவாங்க. அந்த விதையில குக்குர்பிட்டின்னு ஒரு பொருள் இருக்கிறது நிஜம். அது புழுவைத் தாக்கும்னு ஆய்வகத்துல பார்த்திருக்கிறதும் நிஜம். ஆனா, கோழி கொத்துற நாலு விதையில எல்லாப் புழுவும் காலின்னு நம்பி உட்கார்ந்தா, காலியாகிறது கோழிதான்! எடை குறைஞ்சு, கொண்டை வெளுத்து, ஓரமா சோர்ந்து நின்னா, உடனே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. 1903-ல ஆரம்பிச்ச சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியிலதான் இருக்கு. கோடம்பாக்கத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி எழும்பூர்ல இறங்கினா பக்கம்தான்.

எப்படிக் கொடுக்கணும்?

* பரங்கியை ரெண்டாப் பிளந்து அப்படியே வைங்க. கொத்திக் கொத்தித் தின்கிறது அதுங்களுக்கு செம டைம்பாஸ்.

* இது சைடு டிஷ் மட்டும்தான். முட்டைக் கோழித் தீவனத்துல 16-லேர்ந்து 18 சதவிகிதம் புரதம் இருக்கும். பரங்கிச் சதையிலயோ ஒரு சதவிகிதம்தான். மொத்தத் தீனியில பத்துல ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நம்ம பக்கத்து ஏரியா பேரைத் தாங்கி நிக்கிற 'நந்தனம் கோழி'யா இருந்தாலும் இதே ரூல்தான்!

* மிச்சத்தை சாயங்காலமே எடுத்துடுங்க. பூஞ்சை பிடிச்சதைப் போடவே போடாதீங்க. கசக்கிற சுரைக்காய்க்கும் தடா.

* ஆயுத பூஜைக்கு ரோட்டுல உடைச்ச பூசணியைப் பொறுக்கிட்டு வந்து போட்டுடாதீங்க சாமி! உள்ளே குங்குமம், சில்லறைக் காசு, மேலே கற்பூரம்... கோழிக்கு எதுவுமே ஆகாது.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுன்னு உங்க பாட்டி சொல்லியிருப்பாங்க. கோழித் தீனிக்கும் அதேதான். தீனியை மறைக்கிற அளவுக்குப் போடாதீங்க. ஒரே ஒரு கீத்து போதும்!