ஓட்டம் பின்னால், கூட்டம் முன்னால்

குதிரைப் பந்தய ஓவியம் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்கு ஓர் அச்சு இருந்தது. பக்கவாட்டில் நிற்கும் குதிரை, பளபளக்கும் தோல், சேணத்தில் ஜாக்கி. கோச்சு வண்டி ஓட்டிப் பிழைத்து, பிறகு ஓவியரான ஜான் ஃப்ரெடரிக் ஹெர்ரிங், டான்காஸ்டரில் நடக்கும் செயின்ட் லெஜர் பந்தயத்தில் வென்ற குதிரைகளைத் தொடர்ந்து 33 ஆண்டுகள் வரைந்தார். ஜெயித்த குதிரையைச் சுவரில் மாட்டிவைப்பது முதலாளிகளுக்குப் பெருமை.

ஓடும் குதிரையை வரைந்தபோதுதான் சிக்கல். முன்னங்கால்கள் முன்னே, பின்னங்கால்கள் பின்னே, நான்கும் விரிந்து அந்தரத்தில் பறப்பதாகவே எல்லோரும் வரைந்தார்கள். 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுவது உண்மைதான். ஆனால் அந்த நொடியில் கால்கள் விரிந்திருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன!

அந்த நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற பந்தய ஓவியமோ குதிரைகளைப் பின்னால் தள்ளிவிட்டது. வில்லியம் பவல் ஃபிரித்தின் ‘டெர்பி நாள்’ 1858இல் லண்டன் ராயல் அகாதமியில் வைக்கப்பட்டபோது, முண்டியடித்த கூட்டத்தைச் சமாளிக்கக் கம்பித் தடுப்பே போட வேண்டியதாயிற்று.

எப்சம் டெர்பி பந்தயம் 1780இல் தொடங்கியது. விக்டோரியா காலத்தில் பந்தய நாளன்று நாடாளுமன்றமே விடுமுறை விட்டுவிடும். பிரபுவும் பிச்சைக்காரரும் ஒரே புல்வெளியில் கூடுவார்கள். ஃபிரித்தின் கண் அங்கேதான் நிலைத்தது. இரண்டு மீட்டருக்கும் அதிக அகலமான படத்தின் இடப்பக்கம் சூதாட்ட மேசை. பக்கத்தில், சட்டைப்பைக் கடிகாரத்தைப் பறிகொடுத்த இளைஞன் வெறும் பைகளில் கைவிட்டு நிற்கிறான். நடுவே கழைக்கூத்தாடும் தகப்பனும் மகனும். வெள்ளை உடையிலிருக்கும் அந்தச் சிறுவன் வித்தை காட்ட வேண்டிய நேரத்தில், பணியாள் பரப்பும் விருந்துச் சாப்பாட்டையே ஏக்கத்தோடு பார்க்கிறான். எத்தனை குதிரைப் படங்கள் வந்தாலும் இந்தப் பசிக்கு ஈடில்லை.

எல்லாம் கற்பனையல்ல. மைதானத்தையும் கூட்டத்தையும் ராபர்ட் ஹௌலெட் எடுத்துத் தந்த புகைப்படங்களும் ஃபிரித்துக்குக் கைகொடுத்தன. ஓவியத்துக்கு ஜேக்கப் பெல் கொடுத்த விலை 1,500 பவுண்டு. 1859இல் காலமான அவர் அதை நாட்டுக்கே எழுதிவைத்தார்; இன்று அது டேட் அருங்காட்சியகத்தின் சொத்து.