கோபுரக் கதிரவனும் திரையின் ஒளியும்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கிழக்குக் கோபுரத்தில், பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களின் மாலையில், மறையும் கதிரவன் நிலைதோறும் உள்ள சாளரங்களின் வழியே ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றக் காணலாம். படமெடுப்போருக்கு இது கடினமான காட்சி. கதிரவனுக்கேற்பக் கருவியை அமைத்தால் சிற்பங்கள் இருளில் மறைகின்றன. சிற்பங்களுக்கேற்ப அமைத்தால் கதிரவன் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. இக்காலக் கைப்பேசிகள் பல படங்களை விரைந்தெடுத்து ஒன்றாக்கி இக்குறையைப் பெரிதும் போக்குகின்றன.

அப்படத்தைக் காட்டுவதே அடுத்த இடர். சாதாரணத் திரையின் வெண்மை சதுர மீட்டருக்குச் சில நூறு கேண்டெலா அளவினது. உயர்தரக் கைப்பேசித் திரையோ ஆயிரத்தையும் கடக்கும். ஒரே படம் இரண்டிற்கும் எங்ஙனம் பொருந்தும்?

2023-இல் ஆண்டிராய்டு 14-உடன் வந்த ‘அல்ட்ரா எச்.டி.ஆர்.’ முறையில், ஒரே ஜேபெக் கோப்பினுள் சாதாரணப் படமும், எவ்விடத்தை எத்தனை மடங்கு ஒளிரச் செய்ய வேண்டும் என்னும் சிறு குறிப்புப் படமும் அடங்கியுள்ளன. குரோம் போன்ற உலாவி, திரையில் எஞ்சியுள்ள ஒளித்திறனை அறிந்து, அதற்குத் தக்க அளவே குறிப்பைப் பயன்படுத்துகிறது. திறனற்ற திரையில் சாதாரணப் படத்தையே காட்டுகிறது. ஆகவே, கைப்பேசியில் சுடர்ந்த கதிரவன் வகுப்பறைப் படவீச்சுக் கருவியில் மங்கினால் அது கோப்பின் குறையன்று.

ஆனால் படத்தைச் சுருக்கியோ திருத்தியோ மீண்டும் சேமிக்கையில் குறிப்புப் படம் நீங்கிவிடக்கூடும். நீங்கியபின் அதனை மீட்க இயலாது. களப்பணியாளர் மூலக்கோப்பைத் தனியே காத்துவைத்தல் வேண்டும்.