தேசிகாச்சாரின் யோகப் பயிற்சி முறை

தேசிகாச்சாரின் யோகப் பயிற்சி முறை என்பது பயில்பவரின் அகவை, உடல்நிலை, தொழில், கிடைக்கும் நேரம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சியையும் மாற்றியமைத்துக் கற்பிக்கும் முறை ஆகும். சென்னையில் வாழ்ந்த யோக ஆசிரியர் டி. கே. வி. தேசிகாச்சார் (ஜூன் 21, 1938 – ஆகஸ்ட் 8, 2016) தம் தந்தை திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றதை இவ்வாறு வகைப்படுத்தினார். ஆசனத்தின் வடிவத்துக்கு உடலை வளைப்பதைவிட, உடலுக்கு ஏற்ப வடிவத்தை மாற்றுவதையே இம்முறை முதன்மையாகக் கொள்கிறது. முதியோரும் நோயுற்றோரும் யோகம் பயில இதனால் வழி ஏற்பட்டது.

பெயர்

இம்முறை நெடுங்காலம் 'விநியோகம்' என அழைக்கப்பட்டது. பேச்சுத் தமிழில் இச்சொல் பங்கிட்டுக் கொடுத்தலைக் குறிக்கும். பதஞ்சலியின் யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்திலோ, அது படிநிலைக்கு ஏற்பப் பயன்படுத்துதல் என்னும் பொருளில் வருகிறது. பிற்காலத்தில் இப்பெயர் ஒரு தனி யோக வகையின் முத்திரைபோல் வழங்கத் தொடங்கியதால் தேசிகாச்சார் அதனைக் கைவிட்டார்.

தோற்றம்

கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்தினார். அங்கு பயின்றோர் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும் ஆவர். எனவே பயிற்சியும் கடுமையாக இருந்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பி. கே. எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிசும் அக்காலத்து மாணவர்கள். யோகசாலை மூடப்பட்டபின் 1950களில் அவர் சென்னையில் குடியேறினார். இங்கு அவரை நாடி வந்தவர்களில் நடுவயதினரும் நோயாளிகளும் மிகுதி. மைசூரில் கற்பித்தது இவர்களுக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப்பயிற்சி வகுக்க வேண்டியதாயிற்று.

தேசிகாச்சார் கட்டடப் பொறியியல் பயின்றவர். தூக்கமின்மையால் வருந்திய நியூசிலாந்துப் பெண் ஒருவர், நலம் பெற்ற மகிழ்ச்சியில் தெருவிலேயே தம் தந்தையைத் தழுவி நன்றி கூறியதைக் கண்டு, 1960களின் தொடக்கத்தில் பொறியாளர் பணியை விட்டு யோகம் கற்கத் தொடங்கினார். 1976ஆம் ஆண்டு சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவினார். 1995இல் வெளியான 'தி ஹார்ட் ஆப் யோகா' என்னும் ஆங்கில நூல் இம்முறையை விரிவாக விளக்குகிறது.

மூச்சே அளவுகோல்

ஆசனத்துக்கு உறுதி, சுகம் என்னும் இரு தன்மைகளும் வேண்டும் என்பது பதஞ்சலியின் கருத்து. ஆனால் சுகம் இருக்கிறதா என்பதை ஆசிரியர் எவ்வாறு அறிவது? மாணவர்கள் பலர் வலியை மறைத்துக்கொள்வர். தேசிகாச்சார் இதற்கு மூச்சை அளவுகோலாகக் கொண்டார். மூச்சு நீளமாகவும் சீராகவும் செல்லும்வரை உடல் தன் எல்லைக்குள் உள்ளது. அது திணறினாலோ நின்றுபோனாலோ எல்லை மீறப்பட்டுவிட்டது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை என்பதால் வீட்டில் தனியே பயில்பவரும் இதைக் கையாளலாம். அசைவு எப்போதும் மூச்சைப் பின்தொடர்கிறது. பொதுவாகக் கைகளை உயர்த்தும்போது மூச்சு உள்ளிழுக்கப்படும்; முன்னால் குனியும்போது வெளிவிடப்படும். ஓர் ஆசனத்தில் நிலைத்து நிற்பதற்கு முன், அதனுள் சென்று மீள்வதைச் சில முறை செய்வதும் வழக்கம்.

மாற்றியமைத்தல்

உத்தானாசனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நின்ற நிலையில் முன்னால் குனியும் இவ்வாசனத்தைப் பலரும் முழங்காலை மடக்காமல் தரையைத் தொடும் போட்டியாகவே எண்ணுகின்றனர். தொடையின் பின்புறத் தசைகள் இறுகியிருப்பின் இடுப்பெலும்பு முன்னால் சாய இயலாது. வளைவு முழுவதும் கீழ்முதுகில் விழும். முழங்காலைச் சற்றே மடக்கினால் அத்தசைகள் தளர்ந்து, இடுப்பு சாய்ந்து, முதுகு பாதுகாப்பாக நீளும். முதுகை நீட்டுவதே நோக்கம் எனில் கை தரையைத் தொடாததால் குறை ஒன்றுமில்லை. தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் அமர்ந்தும் இதனைச் செய்யலாம். ஐயங்கார் மரக்கட்டை, பட்டை, கயிறு முதலிய துணைக்கருவிகளால் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டார்.

கடினமான ஆசனத்துக்குப் பின் அதன் இறுக்கத்தை நீக்கும் மாற்று ஆசனம் (பிரதிக்கிரியை) செய்யப்படும். சிரசாசனத்துக்குப் பின் சர்வாங்காசனம் அவ்வாறு வருவது. சிரசாசனத்தில் உடலின் எடை தலை, கழுத்தின் மேல் விழுவதால் முன்பயிற்சி இன்றி அதனைக் கற்பிக்கலாகாது. தலைகீழ் ஆசனங்களில் கண்ணின் உள்ளழுத்தம் உயர்கிறது. எனவே கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளோரும் கருவுற்றோரும் கபாலபாதி போன்ற விரைவான மூச்சுப் பயிற்சிகளைச் செய்தல் ஆகாது.

கிருஷ்ணமாச்சாரியார் தாமே இம்முறைக்குச் சான்றாக விளங்கினார். 96ஆம் அகவையில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை மருத்துவத்தை மறுத்து, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டார். எலும்பு முறிந்த பிறருக்கு இது பரிந்துரை ஆகாது.

குழு வகுப்புகளில்

இம்முறையின் பெருங்குறை அதற்குத் தேவைப்படும் நேரமும் தேர்ந்த ஆசிரியரும் ஆகும். ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த பன்னாட்டு யோகா நாள் 2015 முதல் ஜூன் 21 அன்று கொண்டாடப்படுகிறது. தேசிகாச்சாரின் பிறந்தநாளும் அதுவே என்பது ஒரு தற்செயல். அன்று விழுப்புரம், திண்டிவனம் உட்படப் பல ஊர்களின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெருந்திரளானோர் ஒரே ஆசனத்தை ஒரே நேரத்தில் செய்கின்றனர். ஓர் ஆசிரியர் நூறு பேரின் மூச்சைக் கவனித்தல் இயலாது. ஆயினும் முழங்காலை மடக்கலாம், நாற்காலியில் அமரலாம், மூச்சு திணறினால் நிறுத்தலாம் என்று தொடக்கத்திலேயே அறிவிக்க அவருக்கு அரை நிமிடம் போதும். முதுகுவலி, இரத்த அழுத்தம், கண்நோய், அண்மையில் செய்த அறுவை ஆகியவை பற்றி முன்கூட்டியே கேட்டறிந்து, அத்தகையோரைத் தம் பார்வையில் படும்படி முன்வரிசையில் அமரச் செய்யலாம்.