எழுத்துகள் ஏன் இப்படி மாறிக் கிடக்கின்றன?

தட்டச்சுப் பொறியின் முன்னோ கணனியின் முன்னோ முதன்முதலில் உட்காரும் பிள்ளை ஆங்கில எழுத்துகளைத் தேடித் தடுமாறுகிறது. பள்ளிக்கூடத்தில் ஏ, பீ, சீ என்று ஒழுங்காகப் படித்த எழுத்துகள் இங்கே கியூ, டபிள்யூ, ஈ, ஆர், ரீ, வை என்று மாறிக் கிடக்கின்றன. "என் பிள்ளைக்கு மூளை போதாது" என்று பெற்றோர் எண்ணிவிடக் கூடாது. இந்த ஒழுங்குக்கு ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் அச்சுத்தொழிலும் பத்திரிகைத் தொழிலும் செய்தவர் கிறிஸ்ரோபர் ஷோல்ஸ். அவரும் நண்பர்களும் 1868இல் எழுதும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். அதன் விசைகள் பியானோ வாத்தியத்தின் கட்டைகளைப் போல் இருந்தன. எழுத்துகளும் முதலில் ஏறத்தாழ அகரவரிசையிலேயே வைக்கப்பட்டன. பல வருடங்கள் மாற்றி மாற்றிப் பார்த்த பின், துப்பாக்கி செய்து வந்த றெமிங்ரன் நிறுவனம் 1874இல் அதனை 125 டொலர் விலைக்குச் சந்தைக்கு விட்டது. இன்றைய ஒழுங்கு பெரும்பாலும் அப்பொறியிலேயே வந்துவிட்டது.

ஏன் மாற்றினார்கள்? ஒவ்வொரு விசையும் ஓர் இரும்புத் தண்டோடு தொடுக்கப்பட்டிருந்தது. தண்டின் நுனியில் எழுத்து இருக்கும். விசையை அழுத்தினால் தண்டு எழும்பிக் கடதாசியில் அடிக்கும். அருகருகே உள்ள இரண்டு தண்டுகள் அடுத்தடுத்து எழும்பினால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஆகவே சேர்ந்து வரும் எழுத்துகளைப் பிரித்து வைத்தார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் ஈயும் ஆரும் பக்கத்துப் பக்கத்திலேயே உள்ளன. எனவே இது முழு விளக்கமாகாது. தந்திச் செய்திகளைக் கேட்டு எழுதியவர்களின் தேவைக்கேற்பவே ஒழுங்கு மாறி வந்தது என்று ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2011இல் எழுதினர். பழைய அகரவரிசையின் அடையாளமும் அழிந்துவிடவில்லை. நடு வரிசையில் டீ, எஃப், ஜீ, எச், ஜே, கே, எல் இன்றும் வரிசையாகவே நிற்கின்றன. இடையில் வரவேண்டிய ஈயும் ஐயும் மட்டும் மேல் வரிசைக்குப் போய்விட்டன.

இரும்புத் தண்டுகள் கணனியில் இல்லை. அப்படியானால் பழைய ஒழுங்கு ஏன் நிலைத்தது? ஒரு கிராமத்துப் பாதையை நினைத்துப் பாருங்கள். அன்று நின்ற மரத்தைச் சுற்றி வண்டில் போனது. மரம் விழுந்துவிட்டது. ஆனால் அந்த வளைவை ஒட்டியே வேலியும் வீடும் வந்துவிட்டதால் பாதை வளைந்தே கிடக்கிறது. இதுவும் அப்படித்தான். கந்தோர்கள் பழகியவர்கள் கேட்ட பொறியை வாங்கின. பழகுவோர் கந்தோரில் இருந்த பொறியையே பழகினர். 1893இல் பெரிய நிறுவனங்கள் ஐந்து ஒரே அமைப்பாக இணைந்ததும் இந்த ஒழுங்கு மேலும் உறுதியானது.

மாற்ற முயன்றவர்களும் உண்டு. ஓகஸ்ட் டுவோராக் என்ற பேராசிரியர் உயிரெழுத்துகளை நடு வரிசையில் வைத்து 1936இல் புதிய ஒழுங்கு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பழகியவர்களை மீளப் பயிற்றுவதால் இலாபம் இல்லை என்று 1956இல் அமெரிக்க அரசு நடத்திய சோதனை காட்டியது.

தமிழுக்கும் இப்பிரச்சினை வந்தது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க இயலாது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா இதற்கு வழி கண்டார். சில விசைகளை அடித்தால் கடதாசி நகராது. மெய்யெழுத்தின் புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தை அடிக்கலாம். இவ்வாறு சில விசைகளால் பல எழுத்துகளை ஆக்கினார்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? "இது ஏன் இப்படி?" என்று கேட்கப் பழக வேண்டும். காரணம் இன்னும் உயிரோடு இருந்தால் வழக்கத்தைக் காப்போம். காரணம் செத்திருந்தால், மாற்றுவதன் செலவையும் பயனையும் நிறுத்துப் பார்ப்போம். விதைப்பிலும் பயிர் நடுகையிலும் கடன் வாங்குவதிலும் இது பொருந்தும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். எஃப், ஜே என்ற விசைகளில் சிறு மேடு ஒன்று கையில் தட்டுப்படும். சுட்டுவிரல்களை அங்கே வைத்துப் பத்து விரலாலும் தினமும் சிறிது நேரம் பழகுங்கள். ஒழுங்கு நிலைத்திருப்பதில் எமக்கொரு நன்மையும் உண்டு. ஓர் ஊரில் பழகிய கை அடுத்த ஊர்ப் பொறியிலும் தடுமாறாது. காணியைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர முடியாது. கைப்பழக்கம் எங்கு போனாலும் கூடவே வரும்.