மடை பார்க்கப் போகும் வண்டியும் அதன் பேட்டரியும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மோட்டார் சைக்கிள் வேளாண்மைக் கருவிகளுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. விடியற்காலையில் மடை பார்க்கப் போவதும், நாற்றங்காலிலிருந்து நாற்றுமுடிகளை ஏற்றி வருவதும், நடவாட்களுக்குத் தேநீர் கொண்டுபோவதும், உரக்கடைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அலைவதும், அறுவடை முடிந்தபின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லுக்கு இரவுக் காவல் போவதும் அந்த ஒரே வண்டியில்தான். ஒரு நாளில் அது எட்டு முறை, பத்து முறை கிளப்பப்படுகிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஓடும் தொலைவு பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. புதிதாக வண்டி ஓட்டப் பழகியவர் ஒருநாள் காலையில் பொத்தானை அழுத்தும்போது 'டிக்' என்ற ஓசையோடு வண்டி அடங்கிவிட்டால், பேட்டரி செத்துப்போய்விட்டது என்று வீட்டிலும் தெருவிலும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். உடனே புதிய பேட்டரிக்குப் பணம் தேட வேண்டியதாகிறது. அவ்வாறு செத்ததாகச் சொல்லப்படுபவற்றுள் பல, மின்சாரம் ஏறாமல் பட்டினி கிடந்தவை. பட்டினி கிடந்த காரணம் தெரியாமல் புதியதை வாங்கி மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

பேட்டரி என்பது மின்னாற்றலை வேதியாற்றலாக மாற்றிச் சேமித்து, வேண்டியபோது திரும்பத் தரும் பெட்டி. மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது ஈய-அமில பேட்டரி. இதன் மூல வடிவத்தைப் பிரான்சு நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் உருவாக்கினார். பெட்டிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஒரு மின்கலம். அதில் ஈய டை ஆக்சைடு பூசிய நேர்முனைத் தகடுகளும், நுண்துளைகள் நிறைந்த ஈயத்தாலான எதிர்முனைத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் நனைந்திருக்கின்றன. ஒரு மின்கலத்திலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 2.1 வோல்ட், வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தின் அளவு. ஆறும் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் முழுதாக ஏறிய '12 வோல்ட்' பேட்டரி உண்மையில் 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டுகிறது. மின்சாரம் வெளியேறும்போது இரு வகைத் தகடுகளிலும் ஈய சல்ஃபேட் என்னும் வெண்ணிறப் பொருள் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மீண்டும் மின்சாரம் ஏற்றினால் அந்தப் படிவு கரைந்து தகடுகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இந்தக் கரைதலுக்குக் காலக்கெடு ஒன்று இருக்கிறது என்பதைத்தான் புதிய ஓட்டுநர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மின்சாரம் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விடப்பட்ட பேட்டரியில் மென்மையான சல்ஃபேட் படிவு மெல்லமெல்லப் பெரிய படிகங்களாக இறுகிவிடுகிறது; இறுகிய பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் அது முழுதாகக் கரைவதில்லை. வண்டியை யாரும் தொடாவிட்டாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை இழக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது இத்துறையினர் கொள்ளும் பொதுக் கணக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை பக்கங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் வண்டியைத் திண்ணையோரம் துணி போர்த்தி நிறுத்திவிட்டுப் போகிறார்கள். ஓராண்டு கழித்து ஊர் திரும்பும்போது வண்டி துடைத்து வைத்தாற்போல இருக்கிறது, பேட்டரி மட்டும் கல்லாகிவிடுகிறது. புறப்படும் முன் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் சென்றால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

பேட்டரியின் இந்த உள்விவகாரங்களை ஆராய்வதற்கென்றே தஞ்சாவூருக்குத் தெற்கே, காரைக்குடியில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்பது பெருமையோடு சொல்லத்தக்கது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று எஸ். ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. ஊர்மக்கள் வாயில் சிக்ரி. மின்கலங்களும் உலோக அரிப்பும் அங்கே முக்கிய ஆய்வுப் பொருள்கள். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த கீழத்தஞ்சைப் பகுதி வண்டிகளுக்கு இவ்விரண்டுமே அன்றாடத் தொல்லைகள்.

குறுந்தொலைவு ஓட்டம் ஏன் பேட்டரியை வாட்டுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பேட்டரியின் கொள்ளளவு ஆம்பியர்-மணி என்ற அலகால் குறிக்கப்படுகிறது, 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் இருப்பது 3 அல்லது 4 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் மூன்று நான்கு மணி நேரம் தரக்கூடியது. பொத்தானை அழுத்தினால் எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார் இரண்டு நொடிக்கு 50 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், அந்த இழப்பை ஒரு ஆம்பியர் வீதம் ஈடுகட்ட இரண்டு நிமிடம் போல ஆகும். ஒரே அழுத்தலில் வண்டி கிளம்பினால் வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கணக்கு நேராகிவிடும். மார்கழிப் பனியில் ஐந்தாறு முறை அழுத்தி, வரப்போரப் பாதையில் இரண்டாம் கியரிலேயே மெதுவாக உருட்டி, ஹாரன் அடித்தபடி, பிரேக் விளக்கும் தொடர்ந்து எரிய ஓட்டினால் எஞ்சின் வேகம் ஏறாததால் மின்னேற்றமும் குறைகிறது. போதாக்குறைக்கு, 2017 ஏப்ரல் முதல் வரும் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். கும்பகோணத்துக்கோ மன்னார்குடிக்கோ வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சீரான வேகத்தில் போய்வரும் வண்டிக்கு இந்தக் கடன் சேர்வதில்லை. வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே ஓடும் வண்டிக்கு நாளுக்கு நாள் சேர்கிறது.

முந்தைய தலைமுறைக்கு இது இவ்வளவு பெரிய சிக்கலாக இருந்ததில்லை. மேக்னெட்டோ என்னும் காந்தச் சுழற்சி மின்னாக்கியிலிருந்தே தீப்பொறியைப் பெற்ற பழைய மொபெட்டுகள் பேட்டரியே இல்லாமலும் ஓடின. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, பெட்ரோலை மின்பம்பு மூலம் அளந்து தெளிக்கும் முறை வந்துவிட்டது. அந்தப் பம்புக்கும், அதை இயக்கும் சிறு கணினிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், பேட்டரி அடியோடு வற்றிவிட்டால் கிக்கரை எவ்வளவு மிதித்தாலும் பல வண்டிகள் அசைவதில்லை. பணிபுரியும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க மானியம் தந்த தமிழக அரசின் திட்டம் 2018 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. அப்படி ஸ்கூட்டர் வாங்கியவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஸ்கூட்டரில் எஞ்சின் வேகமெடுத்தால்தான் கிளட்ச் பிடிக்கும்; சக்கரத்தைத் தள்ளிச் சுழற்றி எஞ்சினைச் சுழலவைக்க முடியாது. எனவே ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யச் சொல்லும் வழிப்போக்கரின் யோசனை, சொல்பவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொன்னாலும், வீண் களைப்பையே தரும்.

வண்டி கிளம்பவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் சில இடங்களைப் பார்த்துவிட வேண்டும். வலது கைப்பிடியில் உள்ள கில் சுவிட்ச், அதாவது எஞ்சினை நிறுத்தும் பொத்தான், யாரோ தட்டி மாறியிருக்கலாம்; சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் கிளம்பாத வண்டிகள் உண்டு; ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். புதிய ஓட்டுநர்கள் இவற்றாலேயே அதிகம் ஏமாறுகிறார்கள். அடுத்து ஓசையைக் கவனிக்க வேண்டும்: பொத்தானை அழுத்தும்போது 'டிக் டிக்' என்று ரிலே மட்டும் அடித்து, மீட்டர் விளக்கு மங்கினால் பேட்டரியில் வலு இல்லை அல்லது அதன் முனைகள் இளகியிருக்கின்றன, சாவியைத் திருப்பியும் எதுவுமே எரியாவிட்டால் ஃபியூஸ் போயிருக்கவும் கூடும். மெக்கானிக் கடையில் இருக்கும் மல்டிமீட்டர் இன்னும் தெளிவாகப் பேசும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அது நலமாக இருக்கிறது, 12.4க்குக் கீழே இறங்கினால் மின்சாரம் ஏற்ற வேண்டும். 12க்கும் கீழே போனால் உடனடியாக ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்த பிறகும் 10.5 வோல்ட்டிலேயே நின்றால், ஆறு அறைகளுள் ஒன்று பழுதாகி ஐந்து மட்டும் 2.1 வீதம் தருகின்றன என்று பொருள். அந்த பேட்டரிதான் உண்மையிலேயே செத்தது.

கியர் வண்டியில் பேட்டரி வலுவிழந்தாலும் முற்றிலும் வற்றாதிருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்: சாவியைத் திருப்பி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை ஓடவிட்டு, வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென விட வேண்டும். காவிரி டெல்டாவில் இதற்கு இடம் தேர்வதில் கவனம் தேவை. வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு ஆகியவற்றின் கரைகளிலும், 1934இல் திறக்கப்பட்டு இன்றும் புது ஆறு என்றே அழைக்கப்படும் கல்லணைக் கால்வாயின் கரையிலும் செல்லும் சாலைகள் குறுகலானவை. தடுப்புச்சுவர் இல்லாத இடங்கள் அவற்றில் உண்டு. துள்ளிக் கிளம்பும் வண்டியை அடக்கப் பழகாதவர் அங்கே இதைச் செய்யவே கூடாது.

அருகில் டிராக்டர் இருந்தால் அதன் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கலாம். அதுவும் 12 வோல்ட்தான். வண்டியின் கையேடு இதைத் தடுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, டிராக்டரின் எஞ்சினை நிறுத்தி வைத்து, தடித்த கம்பிகளால் நேர்முனையோடு நேர்முனையை முதலில் இணைத்து, பின்னர் டிராக்டரின் எதிர்முனையிலிருந்து வரும் கம்பியை மோட்டார் சைக்கிளின் பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினின் பூச்சில்லாத உலோகப் பகுதியில் தொடவைக்க வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும் என்பதால் பொறி அதன் அருகே விழக்கூடாது. பீடி, சிகரெட் பற்றவைத்தவர்கள் அந்தப் பக்கமே வராதிருப்பது நல்லது.

வண்டி கிளம்பியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வற்றிய பேட்டரியை முறையாக ஏற்ற, அதன் ஆம்பியர்-மணி எண்ணில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். டிராக்டர் பேட்டரிகளோடு சேர்த்து வேகமாக ஏற்றித் தருவதாகச் சொல்லும் இடத்தில் சிறிய பேட்டரி சூடேறிக் கெட்டுப்போகும். அதன் பிறகு செய்ய வேண்டிய சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு பேட்டரியின் முனைகளில் அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12லேயே நின்றால் மின்சாரம் உண்டாக்கும் காயில் பிளேட்டிலோ, அதை நேர்மின்சாரமாக்கி அளவோடு அனுப்பும் ரெகுலேட்டரிலோ, அதாவது மெக்கானிக்குகள் ஆர்.ஆர். யூனிட் என்று சொல்லும் பாகத்திலோ பழுது இருக்கிறது. 15ஐத் தாண்டினால் அதே பாகம் பேட்டரியைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது. இந்த அளவைப் பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றித் தரும் கடையைவிட, பார்த்துவிட்டுப் பேசும் மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பதே புதிய ஓட்டுநருக்கு உண்மையான சேமிப்பு.

முனைகளில் பூக்கும் வெண்மையும் பச்சையுமான உப்பு மின்சாரத்தின் பாதையை அடைக்கிறது. ஆப்பசோடா கரைத்த நீரால் அதைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, சிறிது வாஸ்லைன் தடவினால் மழைக்காலம் முழுதும் தாங்கும். கழற்றும்போது எதிர்முனையின் கறுப்புக் கம்பி முதலிலும், மாட்டும்போது அது கடைசியிலும் வர வேண்டும். அவ்வாறு செய்தால், சிவப்பு முனையைத் திருகும் ஸ்பேனர் தவறி வண்டிச் சட்டத்தில் பட்டாலும் மின்சாரம் பாய்ந்து பொறி பறக்காது. மூடி திறக்கும் பழைய வகை பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் கரிக்கும் நிலத்தடி நீரில் உள்ள குளோரைடு தகடுகளை அரித்துவிடும். ஊரில் நல்ல தண்ணீர் என்று குடிக்கப்படுவதும் இதற்கு ஆகாது. அமிலத்தைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்து அடைத்த புதிய வகையைத் திறக்கவே கூடாது.

மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், கடையின் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்ததை வாங்காமல் உறையில் பொறித்த தயாரிப்பு மாதத்தைப் படித்துப் பார்த்து, முழுதாக மின்சாரம் ஏற்றிய பின்னரே மாட்டச் சொல்ல வேண்டும். பழைய பேட்டரியில் பாதிக்கும் மேற்பட்ட எடை ஈயமே. அந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தேய்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் சுமத்தியுள்ளன. பழையதைக் கொடுத்தால் கடைக்காரர் புதியதன் விலையில் கழித்துக்கொள்வதும் வழக்கம். தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் அவர் முதலில் எடையைக் குறைக்க அமிலத்தைக் கவிழ்க்கக்கூடும். அது வடிந்து சேரும் வாய்க்காலில்தான் சம்பா நாற்றுக்குத் தண்ணீர் பாய்கிறது. பழைய பேட்டரியைச் சாய்க்காமல், கோணிக்குள் நிமிர்த்தி வைத்துக் கட்டி, புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படைத்து ரசீதில் அதைக் குறிக்கச் சொல்ல வேண்டும்.