கூப்பிட்டால் வரும் சக்கரம்
யோயோ பிரியர்களிடையே தீராத வழக்கு!

நூலின் நுனியில் ஒரு சின்னச் சக்கரம். வீசினால் கீழே ஓடுகிறது. இழுத்தால் மேலே ஏறி உள்ளங்கைக்கு வந்து சேருகிறது. அதுதான் யோயோ. திருவிழாக் கடையிலே பிள்ளைகள் கேட்டு அடம் பிடிக்கும் சாமான்.

"இதில் சண்டை போட என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது! யோயோ ஆடுகிறவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் போதும். மரமா, உலோகமா? தானே திரும்ப வேண்டுமா, வேண்டாமா? திறமை கையில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா? இப்படி வாதம் கிளம்பிவிடும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இந்த வழக்கு பல வருஷமாக நடக்கிறது. இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

ஓட்டல் சிப்பந்தியின் தொழிற்சாலை

யோயோ மிகப் பழைய விளையாட்டு. கிறிஸ்துவுக்குச் சுமார் 440 வருஷம் முன்பு கிரேக்க நாட்டில் செய்த மண் பாத்திரம் ஒன்று பெர்லின் நகரத்துக் கண்காட்சிச் சாலையில் இருக்கிறது. அதில் ஒரு சிறுவன் யோயோ ஆடும் சித்திரத்தைக் காணலாம்.

ஆனால் இன்றைய யோயோவை உலகம் எங்கும் பரப்பியவர் பெட்ரோ புளோரஸ். இவர் பிலிப்பைன்ஸ் தீவுக்காரர். அமெரிக்கா போனார். ஓட்டலில் சிப்பந்தி வேலை பார்த்தார். தம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் யோயோ அவருக்கு நினைவு வந்தது. 1928-ம் ஆண்டு கலிபோர்னியாவில் சாந்தா பார்பரா என்ற ஊரில் யோயோ தொழிற்சாலை தொடங்கினார். அடுத்த வருஷமே அவரிடம் 600 பேர் வேலை செய்தார்கள். ஒரு நாளைக்கு 3 லட்சம் யோயோ தயாரானது!

பிறகு டொனால்டு டங்கன் என்ற வியாபாரி அந்தத் தொழிலை விலைக்கு வாங்கினார். பிலிப்பைன்ஸ் இளைஞர்களை ஊர் ஊராக அனுப்பி வித்தை காட்டச் செய்தார். 1962-ல் டங்கன் கம்பெனி 4½ கோடி யோயோ விற்றது.

அங்கேதான் முதல் வழக்கு, நிஜமான கோர்ட்டு வழக்கு! 'யோயோ' என்ற பெயர் எங்களுக்கு மட்டுமே சொந்தம் என்றது டங்கன் கம்பெனி. 1965-ல் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிலிப்பைன்ஸ் மக்கள் காலம் காலமாகச் சொல்லி வரும் சொல் அது. பொதுச் சொல் என்று தீர்ப்பு ஆனது. அதே வருஷம் கம்பெனி திவாலாயிற்று. பின்னர் அந்தப் பெயரை வேறொரு கம்பெனி வாங்கி இன்றும் யோயோ விற்று வருகிறது.

தூங்குகிற யோயோ

புளோரஸ் கொண்டு வந்த யோயோவில் அப்படி என்ன விசேஷம்? பழைய யோயோவில் நூலை அச்சோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அது போகும், வரும். அவ்வளவுதான். பிலிப்பைன்ஸ் யோயோவில் நூல் அச்சைச் சுற்றி வளையமாக மாட்டப்பட்டிருக்கும். அதனால் சக்கரம் நூலின் அடியில் நின்று பம்பரம் போலச் சுழலும். நம் பிள்ளைகள் 'பம்பரம் தூங்குகிறது' என்று சொல்வது போலவே அவர்களும் இதைத் 'தூக்கம்' என்றே சொல்கிறார்கள். அது தூங்கும் நேரத்தில்தான் எல்லா வித்தையும் காட்டலாம்.

ஒரு வேடிக்கை. 1985-ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க விண்வெளி வீரர்கள் 'டிஸ்கவரி' கப்பலில் யோயோவைக் கொண்டு போனார்கள். அங்கே யோயோ தூங்க மறுத்தது! நூலின் அடியில் அதைப் பிடித்து நிறுத்த அங்கே கனம் இல்லை அல்லவா? போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது.

இழுத்தால் வருமா, வராதா?

மர யோயோவில் நூல் அச்சோடு உரசிக் கொண்டே இருக்கும். கெட்டிக்காரர் வீசினாலும் சில விநாடிகள்தான் தூங்கும். ஆனால் லேசாக ஓர் இழுப்பு இழுத்தால் போதும். நூல் தளர்ந்து அச்சைப் பற்றிக் கொள்ளும். யோயோ ஓடி வரும்.

இன்று போட்டிகளில் ஆடும் யோயோ வேறு மாதிரி. பெரும்பாலும் அலுமினியத்தில் கடைந்தது. சைக்கிள் சக்கரத்தில் இருப்பது போல நடுவில் பேரிங் இருக்கும். பல நிமிஷம் சுற்றும். ஆனால் எவ்வளவு இழுத்தாலும் வராது! நூலை மடித்து இடுக்கில் கொடுத்தால்தான் பற்றிக் கொண்டு மேலே வரும். இந்த மடிப்பைக் கற்றுக் கொள்ளாதவன் ஒவ்வொரு தடவையும் கையால் நூலைச் சுற்ற வேண்டியதுதான்.

பழைய கட்சிக்காரர்கள் சிரிக்கிறார்கள். "கூப்பிட்டால் வராதது என்ன யோயோ? பேரிங் அல்லவா ஆடுகிறது, நீங்களா ஆடுகிறீர்கள்? மர யோயோவில் ஐந்து விநாடிக்குள் ஒரு வித்தையை முடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்!" என்கிறார்கள்.

புதிய கட்சி சும்மா இருக்குமா? "நேரம் கிடைத்ததால்தானே நூலில் பத்து மடிப்பு, இருபது மடிப்புப் போட்டுப் புதுப்புது வித்தை பிறந்தது? மரத்தையே கட்டிக் கொண்டிருந்தால் அவை ஏது?" என்கிறது.

இரு பக்கமும் சேர்ந்து மதிக்கும் ஒருவர் உண்டு. சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பல் டாக்டர் டாம் கூன். 1978-ல் கழற்றி மாட்டக்கூடிய அருமையான மர யோயோவைச் செய்தார். 1990-ல் பேரிங் வைத்த அலுமினிய யோயோவைக் கொண்டு வந்தவரும் அவரே!

மூளை வைத்த யோயோ

1980-களில் யொமேகா கம்பெனி 'பிரெயின்' என்று ஒரு யோயோ விற்றது. பிரெயின் என்றால் மூளை. உள்ளே வில் கம்பியோடு சின்னக் கைகள் உண்டு. வேகமாகச் சுற்றும்போது அவை விரிந்து நிற்கும். வேகம் குறைந்தால் மூடி அச்சைப் பிடிக்கும். உடனே யோயோ தானாக மேலே வந்துவிடும்.

"இது ஏமாற்று வேலை. இதில் பழகியவனுக்கு இழுக்கவே தெரியாது" என்பது ஒரு கட்சி. "முதல் நாளே திரும்பி வந்தால்தானே பிள்ளை இரண்டாம் நாளும் தொடுவான்?" என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

கையில் கட்டாத யோயோ

உலக யோயோ போட்டியில் இன்று ஐந்து முக்கியப் பிரிவுகள். ஒரு யோயோ, நூல் வித்தை. இரண்டு கையிலும் இரண்டு யோயோ வீசுவது. இரண்டு யோயோவோடு நூல் வித்தை. நூலை விட்டே பிரிந்து பறக்கும் யோயோ. கடைசியாக, நூலை விரலில் கட்டாமல் அதன் மறு நுனியில் தாயக்கட்டை போன்ற கனத்தைக் கட்டி ஆடுவது. இந்தக் கடைசி வகையை 1999-ல் ஸ்டீவ் பிரவுன் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். கையில் கட்டாதது யோயோவா என்ற கேள்வி இன்னும் கேட்கிறது. ஆனால் பிரிவு நிலைத்துவிட்டது.

இதில் ஒரு சேதி கவனிக்கத்தக்கது. இரண்டு கையாலும் வீசும் பிரிவில் இன்றும் இழுத்தால் வரும் பிளாஸ்டிக் யோயோதான் ராஜா. ஜப்பானைச் சேர்ந்த ஷின்ஜி சைட்டோ இந்தப் பிரிவில் பல முறை உலகப் பட்டம் வென்றவர். விலை உயர்ந்த உலோகம்தான் ஜெயிக்கும் என்ற பேச்சு அங்கே செல்லாது.

மார்க்குப் போடுவதிலும் தகராறு உண்டு. வித்தைகளை நீதிபதிகள் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். சங்கீதத்தோடு இசைந்து ஆடும் அழகுக்கும் மார்க்கு உண்டு. "எண்ணிக்கைக்காக அவசர அவசரமாக ஆடுகிறார்கள், பார்க்க ரசிக்கவில்லை" என்கிறார்கள் சிலர். "அழகை எந்தத் தராசில் நிறுப்பது?" என்கிறார்கள் மற்றவர்கள்.

உங்கள் பிள்ளைக்கு எது?

இந்த வழக்கெல்லாம் பெற்றோருக்கு எதற்கு? காரணம் இருக்கிறது. பளபளப்பைப் பார்த்துப் போட்டி யோயோவை அதிக விலை கொடுத்து வாங்கித் தந்தால், பிள்ளை இழுத்து இழுத்துப் பார்ப்பான். அது வராது. 'எனக்கு வரவில்லை' என்று மூலையில் போட்டுவிடுவான். குற்றம் பிள்ளை மேல் இல்லை. யோயோவின் ஜாதியே அப்படி!

ஆகவே முதலில் இழுத்தால் வரும் சாதாரண பிளாஸ்டிக் யோயோ போதும். விலையும் குறைவு. யோயோவைத் தரையில் தொங்க விட்டு, தொப்புள் உயரத்துக்கு நூலை அளந்து வெட்டுங்கள். சுருக்குப் போட்டு நடுவிரலில் மாட்டுங்கள். உள்ளங்கை மேலே பார்க்க வீசி, கையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் பிய்ந்து வந்தால் உடனே மாற்றுங்கள். அறுந்தால் யோயோ யார் முகத்திலாவது படும். பக்கத்தில் குழந்தைகள் நிற்க வேண்டாம்.

சில வாரத்தில் யோயோ அவன் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு மரமா உலோகமா என்று அவனே உங்களிடம் வாதாடுவான். தயாராக இருங்கள்!